நடுவில் வந்தவன்

ஆறு வருடம் நான்கு மாதம் கழித்து டிக்சனின் வலது கை ஆட்காட்டி விரல் அசைந்தபோது அவன் மனைவி ஜெனோவா அடுப்படியில் அவனுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஓடி வாங்க!" என்று பயிற்சி கொடுக்க வந்த மகிழினி கத்திய சத்தத்தில் கிண்ணத்தைப் போட்டது போட்டபடி வந்தாள். கட்டிலில் விரித்திருந்த வெள்ளைத் துணியின் மேல் அந்த விரல் மெல்ல எழுந்தது. இறங்கியது. மறுபடி எழுந்தது. டிக்சன் அதை வேறு யாருடைய விரலையோ பார்ப்பதுபோலப் பார்த்தான். பிறகு அழுதான். ஜெனோவாவும் அழுதாள். அன்று அவள் மனத்தில் சந்தோஷத்தைத் தவிர வேறு ஒன்றும் இருக்கவில்லை. பின்னால் அவள் செய்ததை வைத்து அவளை எடைபோடுகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

டிக்சன் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டராக இருந்தவன். 2051 ஐப்பசி மழையில் கிரேன் ஏணியிலிருந்து வழுக்கி விழுந்ததில் கழுத்தெலும்பு நொறுங்கியது. உயிர் தப்பியது. பேச்சும் மூச்சும் தப்பின. தோளுக்குக் கீழே எதுவும் தப்பவில்லை.

அன்றிலிருந்து அவனுடைய கையும் காலும் ஜெனோவாதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பாள். துடைப்பாள், ஊட்டுவாள், மூத்திரக் குழாயை மாற்றுவாள். அவன் மூக்கு நுனியில் அரித்தால் வாயால் சொல்ல வேண்டியதில்லை. இடது புருவம் லேசாக நெளியும், அவள் விரல் போய்ச் சொறிந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர்கள், "உனக்கு எப்பிடித்தான் தெரியுதோ" என்பார்கள். அது தனக்கு எப்படித் தெரிகிறது என்று அவளுக்கும் தெரியாது.

பிறகுதான் கோயம்புத்தூரிலிருந்து ஒரு நிறுவனம் வந்தது. டிக்சனின் கழுத்தில் முறிவுக்கு மேலே ஒரு சில்லு, முறிவுக்குக் கீழே தசைகளுக்குள் முடியைவிட மெல்லிய இழைகள். இரண்டுக்கும் நடுவே ஒரு மென்பொருள். அதற்கு நடுவன் என்று பெயர் வைத்திருந்தார்கள். அதைப் பொருத்திப் பழக்குவதற்காக மகிழினி வாரத்தில் மூன்று நாள் வந்தாள். இருபத்தேழு வயது. கட்டில் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டிக்சனோடு சிரித்துப் பேசிக்கொண்டே வேலை செய்வாள்.

"இது ரோபோ இல்லீங்கண்ணா. கை உங்களுது, மூளையும் உங்களுது. நடுவுல ஒரு ஆள் நின்னு, மூளை கேக்கறதைக் கைக்குப் புரியற மாதிரி சொல்றாரு. கம்ப்யூட்டர்ல இதுக்கு ஆபரேட்டிங் சிஸ்டம்னு பேரு."

"ஆபரேட்டர்னா அது நான்லா?" என்றான் டிக்சன்.

மகிழினி சிரித்தாள். "அங்கிருந்து வந்த பேருதாங்கண்ணா. நூறு வருசத்துக்கு முன்னாடி ஒரு கம்ப்யூட்டரே ஒரு ஹால் அளவுக்கு இருக்கும். ஒரு நேரத்துக்கு ஒரு வேலைதான். வேலை கொடுக்கறவங்க ஓட்டை போட்ட அட்டைக் கட்டோட வந்து நிப்பாங்க. ஆபரேட்டர்னு ஒருத்தர் இருப்பார். கட்டை வாங்கி மெஷினுக்கு ஊட்டுவார்."

"ஊட்டுவாரா?" என்று கேட்டாள் ஜெனோவா. அவள் கையில் கஞ்சிக் கரண்டி இருந்தது.

"ஆமாங்க்கா. நாடாவை மாத்துவார், விடை வந்ததும் எடுத்துக் கொடுப்பார். மெஷின் சத்தம் மாறினா என்ன கோளாறுன்னு அவருக்குத்தான் முதல்ல தெரியும். ஆனா ஒரு கட்டு முடிஞ்சு, அவர் அடுத்த கட்டை எடுத்துட்டு வர்ற வரைக்கும் மெஷின் சும்மா நிக்குதில்ல? அது வீணாப் போகுதுன்னு, அவர் செய்யற வேலையை எல்லாம் ஒரு புரோகிராமா எழுதி மெஷினுக்குள்ளயே வச்சுட்டாங்க. அதுதான் தொடக்கம்."

"பொறவு?"

"அப்புறம் மெஷின் வேகமாச்சு. பத்துப் பேர் வேலையை ஒரே சமயத்துல பார்க்க ஆரம்பிச்சுது. ஒருத்தருக்குத் துளி நேரம், அடுத்தவருக்குத் துளி நேரம். ஆனா பத்துப் பேருக்குமே மெஷின் தனக்கு மட்டுந்தான் வேலை செய்யுதுன்னு தோணும். அந்தப் பங்கு பிரிக்கறது இதோட வேலை. யார் எதைத் தொடலாம், யார் தொடக் கூடாதுன்னு பார்க்கறதும் இதோட வேலை. அப்புறம் மெஷின் மேஜைக்கு வந்துச்சு, சட்டைப் பைக்கு வந்துச்சு. இப்ப உடம்புக்குள்ள வந்திருக்குது. எங்க வந்தாலும் இது நடுவுலதான் நிக்கும்."

"அந்த ஆபரேட்டருங்கள்லாம் என்ன ஆனாங்க?"

மகிழினி கொஞ்சம் யோசித்தாள். "தெரியலீங்க்கா. நான் படிச்ச புத்தகத்துல அதைப் பத்தி ஒண்ணும் இல்ல."

ஜெனோவா கரண்டியைக் கிண்ணத்துக்குள் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

ஆறு மாதத்தில் டிக்சன் எழுந்து உட்கார்ந்தான். எட்டாவது மாதம் ஊன்றுகோலோடு வாசல்வரை நடந்தான். முகத்தை அவனே சவரம் செய்துகொண்டான். ஒருநாள் அவன் இடது புருவம் நெளிவதைப் பார்த்து ஜெனோவா பாதி தூரம் எழுந்துவிட்டாள். அதற்குள் அவன் கை போய் மூக்கைச் சொறிந்துவிட்டுத் திரும்பியிருந்தது. எழுந்தவள் எதற்கு எழுந்தோம் என்று தெரியாததுபோலத் தண்ணீர்ப் பானையைத் திறந்து மூடினாள்.

அவளைக் குத்தியது இன்னொன்றும் உண்டு. டிக்சன் நடுவனோடு பேச ஆரம்பித்திருந்தான். பழக்கும்போது அப்படிப் பேசினால் நல்லது என்று மகிழினிதான் சொல்லியிருந்தாள். "லேய், மெதுவா. டம்ளர் நசுங்கிரும்" என்பான். சரியாக நடந்துவிட்டால், "அப்பிடித்தான், என் ராசா" என்பான். ஆறு வருடம் அவள் செய்தபோது அவன் ஒருமுறையும் அப்படிச் சொன்னதில்லை. அவமானத்தில் கண்ணை மூடிக்கொள்வான், அவ்வளவுதான். அதில் தப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் நெஞ்சு எரிந்தது.

"நீங்க இனிமே வெளிய எங்கயாவது போய்ட்டு வாங்க்கா. முன்னாடி கோயில்ல பாடுவீங்கன்னு அண்ணன் சொன்னாரே" என்றாள் மகிழினி. ஜெனோவா போனாள். மாதா கோயில் பாடகர் குழுவில் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒத்திகை. கீபோர்டு வாசிக்கும் ஜூடு சார் அவள் குரலைக் கேட்டு, "இத்தனை நாளா எங்க இருந்திய?" என்றார். வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் வாயில் பாட்டு ஓடியது. வீட்டுக்குள் நுழைந்ததும் தானே தோசை வார்த்துக்கொண்டிருக்கும் புருசனைப் பார்த்தாள். பாட்டு நின்றுவிட்டது.

அடுத்த வருடம் புரட்டாசி முடியப்போகும் ஒரு மத்தியானம். பாறை மீன் குழம்பு வைத்திருந்தாள். வழக்கம்போல முள் எடுத்து வைக்க உட்கார்ந்தாள். டிக்சன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். விரல் நுனியால் முள்ளை ஒவ்வொன்றாக உருவித் தட்டோரத்தில் வரிசையாக வைத்தான். பெருமையோடு நிமிர்ந்து, "பாத்தியா? நீ போ, ஒன் சோலியப் பாரு" என்றான்.

அன்பாகத்தான் சொன்னான். ஆனால் அவளுக்குச் சோலி என்று எதுவும் இருக்கவில்லை. அடுப்படிக்குப் போனாள். அலமாரியில் மகிழினி கொடுத்துவிட்டுப் போன தொடுதிரைப் பலகை இருந்தது. பராமரிப்பாளருக்கு என்று அதில் ஒரு பக்கம் இருந்தது. கையில் இழுப்பு வந்தால் வலுவைக் குறைப்பதற்காக அதைக் காட்டிக் கொடுத்திருந்தார்கள். வலது கை என்ற இடத்தில் நூறு என்று இருந்ததை எண்பதாக மாற்றினாள். 'கோரிக்கை அனுப்பப்பட்டது' என்று ஒரு வரி வந்து மறைந்தது.

மறுநாள் மத்தியானம் சோற்று உருண்டை பாதி வழியில் டிக்சனின் விரலிலிருந்து நழுவித் தட்டில் விழுந்தது. அவன் கையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"இன்னைக்கு என்னமோ வலுவே இல்ல ஜெனோ."

"விடுங்க. நான் இருக்கேம்லா?" என்று பக்கத்தில் உட்கார்ந்து பிசைந்து ஊட்டினாள். அவன் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டான். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவளுக்கும் சோறு இறங்கியது.

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. எழுபது, அறுபது, ஐம்பது. டம்ளர் நழுவியது. சட்டைப் பொத்தான் மாட்ட வரவில்லை. "அவியள விட்டுட்டு வர முடியல சார்" என்று ஜூடு சாருக்குப் போனில் சொல்லி ஒத்திகையை விட்டாள். மகிழினி அப்போது மாதம் ஒருமுறைதான் வந்துகொண்டிருந்தாள். வந்தபோதெல்லாம் டிக்சன், "கொஞ்சம் அசதி, வேற ஒண்ணுமில்ல" என்று சமாளித்துவிட்டான். அவன் தன்னை நம்பியிருப்பது ஜெனோவாவை உறுத்தியது. இரண்டு தடவை கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தாள். திரும்பி வந்து மறுபடியும் குறைத்தாள்.

கார்த்திகையில் துறைமுகத்திலிருந்து கடிதம் வந்தது. இப்போது கிரேன்களை மேலே ஏறி ஓட்டுவதில்லை. கரையில் ஓர் அறையில் உட்கார்ந்து ஓட்டுகிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் தேவை. டிசம்பர் நான்காம் தேதி கை வலுச் சோதனை. தேறினால் வேலை.

டிக்சன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தான். மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தான்.

ஜெனோவா அந்த வாரம் முழுவதும் சரியாகச் சாப்பிடவில்லை. ஏணியில் ஏறி நிற்கும்போது டிக்சன் எப்படி இருப்பான் என்பது அவளுக்கு ஞாபகம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவளே துறைமுகக் கேட்டில் நின்று பார்த்திருக்கிறாள். அதைத் தன் கையாலேயே பிடுங்க அவளுக்கு மனம் வரவில்லை. நான்காம் தேதி காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்குப் பலகையை எடுத்தாள். ஐம்பதை அழித்து நூறு என்று போட்டாள். வாசலில் வண்டி ஹாரன் அடித்தது. பலகையை மூடி வைத்துவிட்டு ஓடினாள்.

சோதனை அறையில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவளை உட்கார வைத்தார்கள். திரையில் ஒரு கப்பல், பன்னிரண்டு பெட்டிகள். டிக்சன் நெம்புகோலைப் பிடித்தான். முதல் பெட்டியைப் பஞ்சுபோல இறக்கினான். அங்கிருந்த அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டார். இரண்டாவது பெட்டி கொஞ்சம் ஆடியது. மூன்றாவது பெட்டி நடுவானில் நின்றபோது அவன் விரல்கள் ஒவ்வொன்றாக நெம்புகோலிலிருந்து கழன்றன. திரையில் பெட்டி கடலுக்குள் விழுந்தது.

"பரவால்ல அண்ணாச்சி. மார்ச்சுல இன்னொரு தடவை வைக்கோம். கையைத் தேத்திட்டு வாங்க" என்றார் அதிகாரி.

திரும்பும் வழியில் டிக்சன் ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தான். ஜெனோவா யோசித்தாள். நூறாக்கியாயிற்று. அப்படியும் கை தோற்றது என்றால்? தோற்றது நடுவன். அவளுக்கு முதலில் வந்தது ஒரு சின்னச் சந்தோஷம். ஆறு வருடத்தில் ஒரு டம்ளரைக்கூட அவள் நழுவ விட்டதில்லை. கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது. வீட்டுக்குள் நுழைந்த கையோடு மகிழினியைப் போனில் பிடித்து, "ஒங்க சாமானத்தை வந்து பாரு. என் புருசன் மானம் போச்சு" என்று சத்தம் போட்டாள்.

மகிழினி மறுநாளே வந்தாள். நடுவன் செய்த ஒவ்வொன்றும் நாள், நேரத்தோடு பதிவாகியிருக்கும் என்றாள். அப்படி ஒரு பதிவு இருக்கும் என்று ஜெனோவா நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. தடுப்பதற்குள் மகிழினி சத்தமாக வாசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"அக்டோபர் ஒன்பது. பராமரிப்பாளர் கோரிக்கை. வலது கை, நூறிலிருந்து எண்பது." நிறுத்தி ஜெனோவாவைப் பார்த்தாள். "அக்கா, இது நீங்களா?"

ஜெனோவா சுவரைப் பிடித்துக்கொண்டாள். டிக்சன் கட்டிலில் உட்கார்ந்து தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மகிழினி அடுத்த வரிக்கு வந்தாள். அவள் குரல் இறங்கியது. "உரிமையாளர்... சம்மதம்."

"என்னது?"

"அண்ணன்கிட்டக் கேக்காம நடுவன் எதையுமே மாத்தாதுங்க்கா. அண்ணன் உடம்பு, அண்ணன்தான் உரிமையாளர். ஒவ்வொரு தடவையும் அவர் காதுக்குள்ள கேக்கும். அவர் மனசுல சரின்னு நினைச்சாத்தான் மாத்தும்." அவள் திரையைத் தள்ளினாள். "நாலு தடவை குறைச்சிருக்கீங்க. நாலுக்கும் சம்மதம்."

"நேத்து? நேத்துக் காலையில நூறாக்குனேனே?"

மகிழினி அதைத் தேடி எடுத்தாள். இரண்டு தரம் வாசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "ஏழு பத்து. நூறு. உரிமையாளர் மறுப்பு."

மகிழினி எழுந்து, "நான் வெளிய இருக்கேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

"தெரிஞ்சே இருந்தியளா?" என்றாள் ஜெனோவா.

"மொத நாளே தெரியும்."

"தெரிஞ்சுமா சரின்னிய?"

டிக்சன் உள்ளங்கையை மடக்கினான். "நீ ஒருநா கோயில்லேர்ந்து பாடிக்கிட்டே வந்தட்டி. வாசல்ல கேட்டேன். ஆறு வருசமா நீ ஒரு வரி பாடல. நான் எந்திரிச்சு நின்னதும் பாடுத. அப்போ ஒன்னைக் கட்டிப் போட்டிருந்தது நான்தானே? கட்டு அவுந்துட்டு, இனி இவ போயிருவான்னு நினைச்சேன்."

"எங்க போவேன்?"

"ஜூடு சாரு, ஜூடு சாருன்னு அன்னைக்குப் பதினோரு தடவை சொன்ன. நான் எண்ணுனேன்."

ஜெனோவா அவனை வெறித்துப் பார்த்தாள். ஜூடு சாருக்கு அறுபத்திரண்டு வயது என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

"பொறவு ஒருநா நடுவன் காதுல கேட்டான், 'ஜெனோவா உங்கள் வலது கையைக் குறைக்கச் சொல்கிறார், சம்மதமா'ன்னு. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. இவளுக்கும் என்னை விட முடியலன்னு. சரின்னேன். மறுநா நீ ஊட்டுன. கோயிலுக்குப் போறதையும் விட்டுட்ட."

"சரி. நேத்து?"

"நேத்து நீ நூறாக்கச் சொன்னதும் ஆத்திரமா வந்துச்சு. என்னை வேலைக்கு அனுப்பிட்டு நிம்மதியா இருக்கப் பாக்குதன்னு..." அவன் முடிக்கவில்லை. "அந்தப் பெட்டி விழும்போதுதான் என்ன செஞ்சிருக்கேன்னு தெரிஞ்சுது."

ஜெனோவாவுக்கு வந்த கோபத்தில் தலையணையை எடுத்து அவன்மேல் வீசினாள். "நான் ரெண்டு தடவை சாமியார்ட்ட போயி முட்டி போட்டு அழுதுட்டு வந்தேன்! ஒண்ணும் தெரியாத மாரி வாயத் தொறந்து வாங்கித் தின்னிய!" தலையணைக்குக் கீழே இருந்த கடிதம் தரையில் விழுந்தது. அவள் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். டிக்சன் இறங்கிவந்து அவள் பக்கத்தில் உட்காரப் பார்த்தான். ஐம்பது வலுவில் கை ஊன்றவில்லை. பாதியில் தடுமாறியவனை அவள்தான் பிடித்து உட்கார வைக்க வேண்டியிருந்தது.

பிறகு மகிழினியைக் கூப்பிட்டாள். "என் பேரை அதுலேர்ந்து எடுத்துரு. நான் எதையும் மாத்த முடியாதபடி."

"அதுக்கும் அண்ணன் சம்மதிக்கணுங்க்கா."

மகிழினி பலகையில் தட்டினாள். மூவரும் திரையைப் பார்த்தார்கள். 'மறுப்பு' என்று வந்தது.

"இன்னொரு தடவை கேளு" என்றாள் ஜெனோவா.

மறுப்பு.

ஜெனோவா டிக்சனின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "அங்க ஏன் சொல்லுதிய? இங்க சொல்லுங்க. என்ன பயம்?"

"ஒன் பேரு அதுல இருக்கட்டும். இல்லன்னா நீ யாரு எனக்கு?"

"பொண்டாட்டி" என்றாள். "நாளைக்கு அஞ்சு மணிக்குக் கோயிலுக்குப் போவேன். ஏழுக்கு வருவேன். இது ஒங்ககிட்ட நான் சொல்லுதது. எவன்கிட்டயும் கேக்கல."

டிக்சன் கண்ணை மூடிக்கொண்டான். சற்று நேரத்தில் திரையிலிருந்து அவள் பெயர் போயிற்று. வலது கை மறுபடி நூறுக்கு வந்தது.

கிளம்பும்போது மகிழினி வாசலில் தயங்கினாள். "இதை நான் மேல எழுதியாகணுங்க்கா."

"என்னன்னு எழுதுவ?"

"சிஸ்டத்துல பிழை ஒண்ணும் இல்லைன்னு."

மார்ச் மாதம் டிக்சன் பன்னிரண்டு பெட்டிகளையும் இறக்கினான். அடுத்த திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தான். பொறாமை இரண்டு பேரிடமிருந்தும் அப்படியொன்றும் ஓடிப்போய்விடவில்லை. கட்டுப்பாட்டு அறையில் அவனுக்கு உதவியாக இரண்டு பெண்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவர்கள் பெயர், ஊர், கல்யாணம் ஆகிவிட்டதா என்பதையெல்லாம் ஜெனோவா விசாரித்து வைத்துக்கொண்டாள்.

முதல் நாள் வேலைக்கு அவனை அனுப்பிவிட்டு, மீன் வாங்கலாம் என்று திரேஸ்புரம் பக்கம் நடந்தாள். வெயிலும் காற்றுமாக இருந்தது. பாதி வழியில் கைப்பைக்குள் ஏதோ அதிர்ந்ததுபோல இருந்தது. போனை எடுத்துப் பார்த்தாள். டிக்சனிடமிருந்து ஏழு அழைப்புகள் வந்து நின்றிருந்தன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே நான்கு நிமிடம்கூட இல்லை.

திருப்பிக் கூப்பிட விரல் போயிற்று. வேண்டாமென்று வைத்தாள். கரையில் கிடந்த ஒரு வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்து, போனை மடியில் வைத்துக்கொண்டு, எட்டாவது அழைப்புக்காகக் காத்திருந்தாள்.